இரண்டு தட்டு

எங்கள் சிறப்புப் பள்ளியில் எல்லோரும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். நாளடைவில் பெற்றவளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். காலையில் பள்ளி வேன் வந்து நின்றதும் முதல் ஆளாக இறங்குவாள். வகுப்பு வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து, முனை சுவரைப் பார்க்கும்படி வரிசையாக வைப்பாள். ஒன்று விலகியிருந்தாலும் "நேரா இல்ல" என்பாள். அவள் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தைகள் அவைதான்.

ஆண்டு விழாவுக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையேறி, இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்து நேராக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தாள். மண்டபமே சிரித்தது. "இந்தப் பொண்ணு வேலை செய்யற எடத்துல எதுவுமே கோணலா இருக்காது" என்று அவர் மைக்கிலேயே சொன்னார். கைதட்டல் அடங்கியதும் அவர் அதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. அந்த வேலையைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை.

பள்ளிப் பருவம் முடியும் பிள்ளைகளுக்கு வெளியே ஒரு வேலை பார்த்து, பக்கத்தில் நின்று பழக்கி, அவர்கள் அதில் நிலைத்ததும் விலகிவர வேண்டும். அதற்குத்தான் என்னை எடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நியமனக் கடிதத்தை அப்பா மூன்று முறை என்னையே படித்துக் காட்டச் சொன்னார். "அப்ப நீ சொல்லிக் குடுத்தா அந்தப் பிள்ளைங்க எல்லாம் வேலைக்குப் போயிடும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்று எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மேஸ்திரியின் அம்மா பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டபடியே பள்ளிக்கு வருவாள். தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். முதல் நாள் நான் படிவத்தை நீட்டியதும் பேனாவை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"ஒரு நாளைக்கு நாப்பது பஸ் கழுவுவேன்மா. இந்த ஒரு ஃபாரத்துக்கு முன்னாடிதான் கை ஓடாது. நீயே எழுது."

அப்பா பெயர், தொழில் என்ற இடம் வந்தது. தயங்கினேன்.

"இவளுக்கு மூணு வயசுல வெளியூர் வேலைக்குப் போனாரு. இன்னும் வேலை முடியல போல. எழுதிக்கோ."

அந்த அறையில் நாங்கள் இருவரும் சிரித்தோம். மேஸ்திரி என் மேசை மேலிருந்த காகிதங்களின் ஓரங்களை ஒன்றாகத் தட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. பதினெட்டு முடிந்தால் அந்தக் கல்வியாண்டோடு பள்ளி முடிந்தது. அதற்குப் பிறகு வேலை, இல்லையென்றால் வீடு. அந்த வீட்டின் கதவுக்கு ஒரு பூட்டு இருந்தது. விடுமுறை நாட்களில் அம்மா மகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுத்தான் டிப்போவுக்குப் போவாள். சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கும்.

"ஒருநாள் பூட்டாம போனேன். தெருவுல நிக்கிற பைக்கை எல்லாம் இழுத்து இழுத்து நேரா நிறுத்தியிருக்கா. ஒண்ணு சாஞ்சு விழுந்துடுச்சு. வண்டிக்காரன் கன்னத்துல விட்டான். அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. அதுலேருந்து பூட்டுறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "லீவு நாளுன்னா பரவால்லம்மா. தினமும்னா எப்படிப் பூட்டுவேன், சொல்லு?"

ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இடம் கிடைத்தது. தரைக்குக் கீழே இருந்தது அது. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், அடுத்து உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் விரிப்புகளைச் சுடச்சுட வெளியே துப்பும் இஸ்திரி உருளை, கடைசியில் மடிக்கும் நீள மேசை. சுவரின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னல். அதில் வெளியே நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். சூப்பர்வைசர் மேஸ்திரியை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு மாசம் பாப்போம். செஞ்சா எடுத்துக்கறேன். எனக்கு ஏழு வார்டு, ஒரு ஆபரேஷன் தியேட்டர். பாவ புண்ணியம் பாக்க நேரமில்லம்மா, தப்பா எடுத்துக்காத."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதும் அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

மடிக்கும் வேலையை ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் படமெடுத்து மேசைக்கு மேல் ஒட்டினேன். விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடி. பாதியாக மடி. மறுபடியும் பாதி. மருத்துவமனை முத்திரை மேலே தெரியும்படி வை. பத்து சேர்ந்ததும் துணிப்பட்டையால் கட்டு. தள்ளுவண்டியில் அடுக்கு. முதல் நாள் கைபிடித்துச் செய்ய வைத்தேன். மூன்றாம் நாள் சொன்னாலே செய்தாள். இரண்டாம் வாரம் சொல்லவும் தேவையில்லை. அவள் மடித்த விரிப்புகளின் ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தன.

பக்கத்தில் மடிப்பவள் ஒரு நெட்டையான அக்கா. பதினோரு வருடமாக அந்த மேசையிலேயே நிற்பவள். "அடியேய், இவ்வளவு நேரா மடிச்சா நோயாளி அதுமேல படுக்கவே பயப்படுவான்டி" என்று மேஸ்திரியைச் சீண்டுவாள். மேஸ்திரி அவள் மடித்த விரிப்பைத் தொட்டுப் பார்த்து "நேரா இல்ல" என்பாள். "ஆமா, வந்துட்டா என் மாமியா." உருளைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்வரை சிரிப்பார்கள்.

எங்கள் முறையில் விலகுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. முதலில் பக்கத்தில் நிற்க வேண்டும், பிறகு மேசையின் மறுகோடியில், பிறகு வாசலில், பிறகு கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நடைபாதையில். தினமும் ஒரு தாளில் ஒவ்வொரு படிக்கும் எதிரே குறிக்க வேண்டும். தானாகச் செய்தாள், சொன்னதும் செய்தாள், கைபிடித்துச் செய்தாள் என்று மூன்று கட்டங்கள். ஏழாம் வாரத்தில் நான் நடைபாதையில் நின்றேன். எல்லாப் படியிலும் 'தானாக' என்று குறித்தேன். பெரிய டீச்சர் அந்தத் தாளைப் புதிதாக வந்த ஆசிரியர்களிடம் காட்டி, "இப்படித்தான் இருக்கணும்" என்றார். அதை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஒன்பதாம் வாரம் நான் போகவில்லை. அடுத்த பிள்ளைக்கு இடம் தேட வேண்டியிருந்தது. திங்கள்கிழமை சூப்பர்வைசர் போன் செய்தார்.

"என்னம்மா, ஒரு சிலையைக் கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்ட? காலைலேருந்து ஒரு கட்டு. ஒரே ஒரு கட்டு. அதுமேல கைய வச்சுட்டு நிக்கிறா. கேட்டா 'இன்னும் இல்ல'ங்கறா. நாலாம் வார்டுல ஆளை வெறும் மெத்தையில படுக்க வச்சிருக்காங்க."

ஓடினேன். நான் உள்ளே நுழைந்ததும் மேஸ்திரி என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமோ பயமோ எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் நான்கு கட்டு முடித்தாள். ஒரு ஓரம்கூடக் கோணவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நல்லா தெரியுதும்மா" என்றார் அவர். "ஆள் பாத்தா செய்யறா, பாக்கலன்னா ஏமாத்தறா. இந்த மாதிரி ஆளுங்க என்கிட்ட ஏற்கனவே நிறைய பேர் இருக்காங்க."

அவர் போனதும் நெட்டை அக்கா கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, உன் கை சும்மாவே இருக்காதா?"

"என்ன கை?"

"அவ பத்து வச்சதும் நிமிந்து உன்னைப் பாக்கறா. நீ டொக் டொக்னு மேசையத் தட்டற. உடனே கட்டறா. வாசல்ல நின்னப்ப கதவு நிலையத் தட்டுவ. வெளிய நின்னப்ப கண்ணாடியத் தட்டுவ. ரெண்டு மாசமா இந்தக் கச்சேரிதானே நடக்குது. நான் இதுவும் உங்க பாடத்துல ஒண்ணுன்னு நெனச்சேன்."

என் வலது கையைப் பார்த்தேன். அது மேசை மேல் மடங்கிக் கிடந்தது. முதல் நாள், 'போதும், இனிமேல் கட்டு' என்று சொல்வதற்காக விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டியது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு தட்டியது ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அவளுக்கு ஆறு படிகளில்லை, ஏழு. பத்து சேர வேண்டும், மிஸ் தட்ட வேண்டும், பிறகு கட்ட வேண்டும். நான் கற்றுக்கொடுத்ததை அவள் ஒரு இம்மியும் பிசகாமல் செய்துகொண்டிருந்தாள். அன்று காலை நான்கு மணி நேரம் நின்றதும் அந்தப் பாடத்தின்படிதான்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, ஒரு வாரம். வெள்ளிக்கிழமை நீ இல்லாம பாப்பேன். அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பத்து சேர்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப் படத்தைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். நாற்பது நிமிடம். ஜன்னலில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. நெட்டை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இது பாடமா, தண்டனையாம்மா?" என்று கேட்டுவிட்டு அந்தக் கட்டை அவளே கட்டித் தூக்கிப்போனாள். மேஸ்திரி அதன் பின்னாலேயே போய் வண்டியிலிருந்து எடுத்துவந்து, பட்டையை அவிழ்த்து, மறுபடி கையை மேலே வைத்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை ஏழாவதாக ஒரு படம் ஒட்டினேன், அவள் கையே மேசையைத் தட்டுவதுபோல. அவள் கையைப் பிடித்துத் தட்டவும் வைத்தேன். பின்னால் இழுத்துக்கொண்டாள். "மிஸ் தட்டணும்" என்றாள். புதிதாக இரண்டு வார்த்தை அவள் பேசுவதே அபூர்வம். இதற்காகவா பேச வேண்டும்.

வியாழக்கிழமை வேறு வழி தெரியாமல் நெட்டை அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கே ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. இதுல உன் பொண்ணுக்குத் தாளம் வேற போடணுமா?" என்றாள். ஆனால் பத்து சேர்ந்ததும், பார்க்காமலேயே, மேசையை இரண்டு தட்டு தட்டினாள். மேஸ்திரி திரும்பி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பட்டையை எடுத்துக் கட்டினாள். அன்று இருபத்தாறு கட்டு. சாயங்காலம் பேருந்தில் அவள் தூங்கி என் தோளில் சாய்ந்தாள். இறங்கியதும் டிப்போவுக்கே கூட்டிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் குழாயை நிறுத்தாமல், ஈரக் கையால் மகள் தலையை ஒருமுறை தடவினாள்.

வெள்ளிக்கிழமை நான் உள்ளே போகக் கூடாது. மருத்துவமனைக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணியிலிருந்து எத்தனை வண்டிகள் போயின என்று எண்ணிப் பாதியில் விட்டேன். இரண்டரைக்குச் சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது.

அன்று காலையில் ஆள் குறைவென்று நெட்டை அக்காவை உருளைக்கு மாற்றியிருந்தார்கள். உருளைக்குப் பின்னால் நின்று தட்டினால் மேசையிலிருந்து தெரியாது, இயந்திரச் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. அவள் இரண்டு முறை வேலையை விட்டு ஓடிவந்து தட்டியிருக்கிறாள். மூன்றாம் முறை திட்டு வாங்கினாள். அந்த இரண்டு கட்டோடு சரி. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். மேஸ்திரி போகவில்லை. நான் போனபோது டப்பா திறக்காமல் இருந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பத்து விரிப்பின் மேல் வைத்தபடி நின்றாள். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. என்னைக் கண்டதும் என் கையைப் பார்த்தாள்.

தட்டினேன். கட்டினாள். வண்டியில் அடுக்கினாள். அடுத்த விரிப்பை எடுக்கப் போனவளை நான் தடுக்க வேண்டியிருந்தது.

முடிவு அறிக்கை எழுதும்போது பெரிய டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பணி நிறுத்தப்பட்ட காரணம் என்ற இடத்தில், பயிற்சி தவறாகக் கொடுக்கப்பட்டது என்று எழுதினேன். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

"உண்மைதான். ஆனா இப்படி எழுதினா நாளைக்கு எந்த எடத்துல நம்ம பிள்ளையை உள்ள விடுவாங்க? அடுத்து மூணு பேர் நிக்கறாங்க. யோசிச்சுப் பாரும்மா."

யோசித்தேன். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதை என்னால் பெருமையாகச் சொல்ல முடியாது. அடித்துவிட்டு, 'பயிலுநர் இன்னும் தயாராக இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி எந்த வேலைக்கு அவளைக் கூட்டிப்போனாலும் அந்தத் தாள் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அந்த மூன்று பேரில் ஒருவனுக்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது. அதை நினைத்து நான் நிம்மதியாக இருந்தால் நான் யார், இல்லாவிட்டால் இந்த வேலையில் எதற்கு இருக்கிறேன் என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்கிறேன்.

மேஸ்திரியின் அம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன், தட்டியதையும் தாளில் எழுதியதையும். திட்டுவாள் என்று நின்றேன். பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள்.

"அப்ப அவளால முடியும். அப்படித்தானே?"

"முடியும்மா."

"முடியாதுன்னு எழுதிட்ட."

நான் கவிழ்ந்திருந்த பூட்ஸை எடுத்துச் சுவரோரமாக வைத்தேன்.

"சரி, விடு. நானும் படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு உன் கையப் பாக்காம விட்டுட்டேன்."

இது நடந்து ஐந்து மாதமாகிறது. என் வார விடுமுறை நாளில் அந்த வீட்டுக்குப் போகிறேன். ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, கொடியில் துணிகள். சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட கிழிந்த விரிப்புகள் பத்தை நெட்டை அக்கா கொடுத்தனுப்பியிருக்கிறாள். காலையில் டிப்போவுக்குக் கிளம்பும்போது அம்மா மேசையை இரண்டு தட்டு தட்டுவாள். மேஸ்திரி முந்தின நாள் மடித்து வைத்த பத்தையும் கட்டுவாள். வெளியே பூட்டு விழும். பிறகு அவள் கட்டை அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து மடிப்பாள். ஒன்பது மணிக்குள் பத்தும் சேர்ந்துவிடும். சாயங்காலம் அம்மா வந்து தட்டும்வரை நிற்பாள், கால் வலித்தால் உட்காருவாள், கை மட்டும் விரிப்பின் மேலேயே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி மதியம் பூட்டைத் திறந்து சாப்பாட்டை ஊட்டிவிட்டுப் போகிறாள். அவளுக்குத் தட்டத் தெரியாமல் இல்லை. "ஒருதடவை தட்டினா நாள் முழுக்க வந்து தட்டணுமேம்மா, என் வீட்டு வேலைய யாரு பாக்கறது?" என்கிறாள்.

நான் போகும் நாட்களில் கட்டில் விளிம்பில், கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறேன். அவளாகக் கட்டட்டும் என்று காத்திருக்கிறேன். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. அவளும் காத்திருக்கிறாள். பொறுமையில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. கடைசியில் என் பேருந்துக்கு நேரமாகும். தட்டிவிட்டுத் திரும்புவேன். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான்.

போன வாரம் அம்மா வண்டி கழுவும் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் கையை மறைத்து உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி பத்தாவது விரிப்பை வைத்தாள். என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, என் வலது கையைத் தொடைக்குக் கீழிருந்து பிடுங்கி எடுத்து, விரல்களை மடக்கி, என்னை மேசைவரை இழுத்துப்போய், என் கணுக்களால் இரண்டு தட்டு தட்டினாள். வலித்தது. கையை உதறிவிட்டுப் போய்ப் பட்டையைக் கட்டினாள்.

"பாத்தீங்களாம்மா?" என்றேன்.

அம்மா துணியைப் பிழிந்தபடியே பார்த்தாள். "பாத்தேன். அவளா தட்டலையே. உன் கைதானே வேண்டியிருந்துச்சு."

"ஆனா அவளா எழுந்து வந்தா."

"வந்தா." கொடியில் துணியைப் போட்டாள். "நாளைக்குப் பூட்டினப்புறம் எந்தக் கையை இழுப்பா?"

மேஸ்திரி கட்டை மேசையின் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து, முதல் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தாள். நான் செருப்பைத் தேடினேன். அது வாசலில், முனை சுவரைப் பார்க்க, அம்மாவின் பூட்ஸுக்குப் பக்கத்தில் நேராக இருந்தது.